இடப்பக்க இருக்கை

2021 மே 23. முழு ஊரடங்கு தொடங்குவதற்கு முந்தைய நாள். மதுரை விமான நிலையத்திலிருந்து வாடகைக்கு எடுத்த ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று கிளம்பியது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சொந்தபந்தங்கள். நடுவானில் தாலி கட்டினார்கள். அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. கொரோனா விதிகள் என்னவாயின என்று கேட்டு டி.ஜி.சி.ஏ. விசாரணைக்கு உத்தரவிட்டது. விமானப் பணியாளர்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். காதல் பயணிகளுக்கு, நடவடிக்கை வேலை பார்த்தவர்களுக்கு என்று அந்தக் கதை முடிந்தது.

அந்த மணமக்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. அவர்கள் விருப்பம், அவர்கள் பணம். என் வழக்கு, இப்படி ஒரு செய்தி வந்ததும் நம் ஊர் என்ன பேசும் என்பதோடுதான். "மேலே கூட்டிட்டுப் போய்க் கட்டிட்டா பொண்ணு எங்கடா ஓடும்?" என்று ஒருவர் சொல்வார். டீக்கடை சிரிக்கும். வீட்டுக் கூடத்தில் சொன்னாலும் சிரிப்பார்கள். சித்தப்பா சொன்னால் சித்தியும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கும்.

இந்த ஜோக்கைச் சற்றுக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? காதலிலா? கல்யாணத்திலா? இல்லை. அந்தப் பெண் ஓட முடியாது என்பதில் இருக்கிறது.

இதே சிரிப்பு விமானிகள் உலகத்தில் நூறாண்டுகளாகச் சுற்றி வருகிறது. பெரிய விமானங்களை ஓட்டுபவர்களைச் சொல்லவில்லை. சின்ன விமானங்களைப் பொழுதுபோக்குக்காகவோ பயிற்சிக்காகவோ ஓட்டுபவர்கள், இருவர் அமரும் செஸ்னா, நால்வர் அமரும் பைப்பர் வைத்திருப்பவர்கள், பறப்புக் கழகங்களில் வார இறுதியில் கூடுபவர்கள் ஆகியோரைச் சொல்கிறேன். அவர்களிடம் சில பகடிகள் உண்டு. ஒரு மைல் உயரத்துக்கு மேல், அதாவது 5,280 அடிக்கு மேல், உறவு கொண்டவர்கள் சேரும் 'மைல் ஹை கிளப்' அவற்றுள் ஒன்று. ஆட்டோ பைலட்டைப் போட்டுவிட்டால் கை சும்மாதானே இருக்கும் என்பது இரண்டாவது. பெண்டாட்டிக்கும் விமானத்துக்கும் எதற்குச் செலவு அதிகம் என்பது மூன்றாவது. புறப்படுவதற்கு முன் அவளிடம் உண்மையான எடையைக் கேட்க உனக்குத் தைரியம் உண்டா என்பது நான்காவது. எஞ்சின் பழுதாகிவிட்டது போல நடித்து அவளை இறுக்கிப் பிடிக்க வைப்பது ஐந்தாவது.

எல்லாம் சும்மா, கலகலப்புக்கு என்பார்கள். இந்த ஐந்தையும் வரிசையாக வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பெண் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள்?

விமானத்தில் முதன்மை விமானி அமர்வது இடப்பக்கம். இந்த ஜோக்குகள் ஒன்றில்கூடப் பெண் இடப்பக்கத்தில் இல்லை. வலப்பக்கத்தில் உட்கார்ந்து வியப்பாள், பயப்படுவாள், கட்டிப்பிடிப்பாள். இல்லாவிட்டால் எடைப் பட்டியலில் ஒரு வரியாக இருப்பாள். எடைக் கணக்கு சின்ன விமானத்தில் விளையாட்டல்ல. செஸ்னா 152 என்ற பயிற்சி விமானம் எரிபொருளும் ஆட்களும் சேர்த்துச் சுமார் 760 கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. அதில் ஏறும் ஆணும் பெண்ணும் தங்கள் எடையைச் சரியாகச் சொல்லத்தான் வேண்டும். தொப்பை வைத்த நண்பர் பத்துக் கிலோ குறைத்துச் சொன்னாலும் அதே ஆபத்துதான். ஜோக் மட்டும் அவரைப் பற்றி வருவதில்லை.

இந்தப் பகடிகளுக்கு ஒரு மூலக்கதையும் உண்டு. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர் விமானம் தானாகவே சமநிலையில் பறக்க உதவும் கருவியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1914இல் பாரிஸ் அருகே கைகள் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு பறந்து காட்டியவர். 1916 நவம்பரில் நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் கரையோரம் அவருடைய விமானம் நீரில் விழுந்தது. கூட ஒரு பெண். வாத்து வேட்டைக்கு வந்தவர்கள் இருவரையும் மீட்டபோது உடம்பில் துணி இல்லை என்று கதை சொல்கிறது. 'மைல் ஹை கிளப்'பின் முதல் உறுப்பினர் ஸ்பெர்ரிதான் என்று இன்றுவரை அவரைக் கொண்டாடுகிறார்கள்.

அந்தப் பெண் யார்? கதை சொல்பவர்கள் பெரும்பாலும் 'ஒரு பணக்கார வீட்டுத் திருமணமான பெண்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் பெயர் டாரதி ரைஸ் பியர்ஸ். மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் பெயர் வாங்கியவர், சிற்பி. பின்னாளில் டாரதி ரைஸ் சிம்ஸ் என்ற பெயரில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் புகழ்பெற்று, அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். எல்லாவற்றுக்கும் மேல், அதே 1916இல் விமானி உரிமம் பெற்றவர். அமெரிக்காவில் உரிமம் பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

அந்த விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு விமானிகள். கதையில் மிஞ்சியது ஒரு விமானியும் ஒரு நிர்வாணப் பெண்ணும். விபத்தில் அவருடைய துணி போனது உண்மையோ பொய்யோ, கதையில் அவருடைய உரிமம் போனது உண்மை. இந்த ஜோக் செய்யும் வேலை இதுதான். பறக்கத் தெரிந்த பெண்ணைப் பறக்க அழைத்துச் செல்லப்பட்ட பெண்ணாக மாற்றிவிடுகிறது.

நம் நாட்டிலும் இதே வேலை வேறு விதமாக நடந்தது. 1936இல் லாகூரில் சரளா தக்ரால் ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். வயது 21. நான்கு வயதுக் குழந்தையின் தாய். சேலை கட்டியபடி காக்பிட்டில் ஏறினார். அந்தச் சேலையைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். கணவரும் விமானி, 1939இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். வணிக விமானி உரிமத்துக்குப் படிக்க முயன்ற சரளாவுக்கு இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது. குடிமக்களுக்கான பயிற்சி நின்றது. அவர் ஓவியரானார், துணிகளும் நகைகளும் வடிவமைத்தார்.

பிரேம் மாத்தூர் வணிக விமானி உரிமம் பெற்று 1940களின் இறுதியில் வேலை கேட்டு அலைந்தார். எட்டு நிறுவனங்கள் மறுத்தன. பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் பயணிகள் ஏற மாட்டார்கள் என்பது காரணம். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது. தூர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் விமானி வேலை கேட்டபோது, விமானப் பணிப்பெண் வேலை வேண்டுமானால் தரலாம் என்று சொல்லப்பட்டதாக அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். அவர் பிடிவாதமாக நின்று 1966இல் விமானியாகவே சேர்ந்தார். விமானத்தில் பெண்ணுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம் உண்டு, தட்டு ஏந்தும் இடம்.

தமிழ்நாட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். இது உண்மையிலேயே சின்ன விமானத்தில் நடந்த காதல் கதை. உஷா சுந்தரம் பெங்களூரு ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் பயிற்சி முடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று குறிப்பிடப்படுபவர். கணவர் கேப்டன் வி. சுந்தரம் மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தை ஓட்டியவர். உஷா அவருக்குத் துணை விமானி. நேருவும் படேலும் அவர்கள் ஓட்டிய விமானத்தில் பயணம் செய்திருக்கிறார்கள். சென்னை அரசு வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் என்ற சின்ன விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர்களும் இவர்கள்தான். சென்னையில் தெருநாய்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியாவை நிறுவிய அதே தம்பதி.

இங்கிலாந்திலிருந்து பம்பாய் வரை சின்ன விமானத்தில் ஒரு கணவனும் மனைவியும். எத்தனை ஜோக் சொல்லலாம்! யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் இந்தக் கதையில் பெண்ணின் கையிலும் கண்ட்ரோல் இருக்கிறது. ஜோக்குக்கு அது ஆகாது.

இதில் இன்னொன்றையும் நாம் மறைக்க வேண்டாம். சரளாவுக்கும் உஷாவுக்கும் கதவு திறந்தது விமானிகளைத் திருமணம் செய்துகொண்டதால். கணவர் துணையில்லாமல் தட்டிய பிரேம் மாத்தூருக்கு எட்டுக் கதவுகள் மூடின. காதலுக்கு நான் எதிரி இல்லை. காக்பிட்டுக்குள் போக அதுதான் அனுமதிச்சீட்டு என்றால், அதற்கு எதிரி.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது இந்தியாவில்தானே பெண் விமானிகள் அதிகம்?" என்று கேட்கலாம். உண்மைதான். நம் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவிகிதம் பெண்கள், உலகச் சராசரி 5 சதவிகிதம் என்று ஒன்றிய அரசு 2022இல் பெருமையோடு சொன்னது. பெருமைப்படலாம். அந்த 15 பேரும் எந்த வழியாக அங்கே போனார்கள் என்றும் கேட்கலாம்.

வழி இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடும். மதுரைக்குத் தெற்கே விமான நிலையம் இருக்கிறது. ஆனால் மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ ஒரு பெண் பறக்கக் கற்க வேண்டுமென்றால் ஊரை விட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்பா நிலத்தை அடகு வைத்திருப்பார், அம்மாவின் நகை வங்கியில் இருக்கும். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு, இந்தக் காசில் கல்யாணத்தை முடித்திருக்கலாமே என்று பெரியப்பா சொல்லியிருப்பார். அதையெல்லாம் தாண்டித்தான் அவள் அந்த விமானத்தில் ஏறுகிறாள்.

அந்த விமானம் எப்படி இருக்கும்? செஸ்னா 152இன் உள் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நம் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்காருவோமே, அதைவிடக் கொஞ்சம் வசதி, அவ்வளவுதான். தோளும் தோளும் உரசும். எஞ்சின் சத்தத்தில் ஹெட்செட் வழியாகத்தான் பேச்சு; பயிற்றுநரின் குரல் நேராகக் காதுக்குள் வரும். இடப்பக்கம் மாணவி, வலப்பக்கம் பயிற்றுநர். பெரும்பாலும் ஆண். அவளுடைய லாக் புக்கில் கையெழுத்துப் போடுபவர் அவர். எப்போது தனியாகப் பறக்கலாம் என்று சொல்பவர் அவர். இன்று நீ சரியாக ஓட்டவில்லை, இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் காசு கட்டுவது அவள்.

அந்த ஒரு மீட்டர் அகலத்துக்குள் 'மைல் ஹை கிளப்' ஜோக்கைப் பயிற்றுநர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லவராகவே இருக்கட்டும். வேறு எண்ணமே இல்லாமல், தனக்கு அவருடைய பயிற்றுநர் சொன்னதை இவளிடம் சொல்கிறார். இவள் என்ன செய்வாள்? ஆண் மாணவன் என்றால் சிரிப்பான்; அவனுக்கு அது ஜோக். அவளுக்கு அது ஒரு கணக்கு. சிரித்தால் 'ஜாலியான பொண்ணு' என்று பேர். சிரிக்காவிட்டால் 'சிடுமூஞ்சி', 'காக்பிட்டுக்கு லாயக்கில்லை'. இறங்கிப் போகலாமா? மூவாயிரம் அடி உயரத்தில் கதவைத் திறந்து எங்கே இறங்குவது? தரைக்கு வந்த பிறகாவது போகலாமா? அடகில் இருக்கிற நிலம் விடாது. ஒருவரோடு ஐம்பது மணி நேரம் பறந்த பிறகு ஆளை மாற்றுங்கள் என்று கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால், "ஒரு ஜோக்குக்காகவா?" என்பார்கள்.

ஆமாம், ஒரு ஜோக்குக்காகத்தான். டீக்கடைப் பகடியும் பறப்புக் கழகப் பகடியும் ஒரே இடத்தில்தான் சிரிக்கின்றன: பெண்ணுக்கு வெளியேற வழியில்லாத இடத்தில். வழியுள்ள இடத்தில் அதே சொற்களைச் சொல்லுங்கள். அவள் பதிலுக்கு இன்னொன்று சொல்வாள், இல்லையென்றால் எழுந்து போவாள். அப்போது அது இருவருக்கும் ஜோக். வழியில்லாத இடத்தில் அது ஒரு சோதனை: நீ எதுவரைக்கும் பொறுத்துக்கொள்வாய்?

வெளியேறினால் என்ன நடக்கும் என்பதற்கும் கண் முன்னே சான்று உண்டு. 2018 ஜனவரி 1. லண்டனிலிருந்து மும்பைக்கு ஜெட் ஏர்வேஸ் விமானம், 324 பயணிகள். காக்பிட்டில் ஓர் ஆண் விமானி, ஒரு பெண் விமானி. இருவருக்கும் உறவு இருந்ததாகச் செய்திகள் சொல்லின. வாக்குவாதத்தில் அவர் இவரை அறைந்தார். இவர் அழுதபடி காக்பிட்டை விட்டு வெளியே வந்தார். பின்னாலேயே அவரும் வெளியே வந்தார். விமானிகள் இருவருமே சிறிது நேரம் காக்பிட்டில் இல்லை. நிறுவனம் முதலில் சொன்ன சொல் 'தவறான புரிதல்', சுமுகமாகத் தீர்ந்துவிட்டது என்றார்கள். செய்தி பெரிதான பிறகு இருவரையும் வேலையை விட்டு நீக்கினார்கள்.

விமானத்தைக் கைவிட்டு வெளியேறியது பாதுகாப்புக் குற்றம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. பின்னால் 324 உயிர்கள். ஆனால் அந்தச் செய்தி ஊரில் எப்படிப் பேசப்பட்டது என்பதை யோசியுங்கள். 'காதலர் சண்டை', 'வானத்தில் ஊடல்'. வேலையிடத்தில் ஒருவர் உடன் பணிபுரிபவரை அடித்தது என்ற வாக்கியத்தை எத்தனை பேர் சொன்னார்கள்? ஒரு தொழிற்சாலையில் ஒருவர் சக தொழிலாளியை அறைந்தால் அதற்கு ஊடல் என்று பேர் இல்லை. காதல் என்ற சொல்லை மேலே போர்த்தியதும் அடி மறைந்துவிட்டது. அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே தண்டனை.

விமானம் நமக்கெல்லாம் எட்டாத தூரம், நமக்கென்ன என்று நினைக்கும் தோழிகளுக்கு: உசிலம்பட்டிப் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ மினி பஸ்ஸில் கல்லூரிக்குப் போயிருக்கிறீர்களா? முன்னால் எஞ்சின் மேல் அமர இடம் இருக்கும். டிரைவர் பாட்டுப் போடுவார். யார் ஏறினால் எந்தப் பாட்டு என்று பஸ்ஸுக்கே தெரியும். கண்டக்டர் ஒரு வார்த்தை விடுவார், பஸ் சிரிக்கும். சில நேரம் அது நிஜமாகவே காதலாகவும் இருக்கும், கல்யாணத்தில் முடியும், நல்லது. ஆனால் அந்தப் பாட்டுப் பிடிக்காத பெண் என்ன செய்வாள்? ஊருக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான் பஸ். வீட்டில் சொன்னால் டிரைவரை யாரும் கேட்க மாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள். எனவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். செஸ்னாவில் இருக்கும் பெண்ணும் ஜன்னல் பக்கம்தான் திரும்புகிறாள். உயரம் மட்டும்தான் வித்தியாசம்.

அந்த டிரைவர் இருக்கையிலும் ஒரு பெண் உட்கார முடியும் என்று 1993இல் அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காட்டியவர் கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் நாம் செல்ஃபி எடுக்க ஓடுகிறோம் என்றால், அந்த இருக்கை இன்னும் நம் கைக்கு வரவில்லை என்றுதான் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவிகள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் வழிகாட்டுதல் தந்தது. 2013இல் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. பாலியல் சாயலுள்ள பேச்சு அந்தச் சட்டத்தின்படி துன்புறுத்தலே. ஊழியராக இருந்தால்தான் புகார் தரலாம் என்பதில்லை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணியிடம் ஒன்றில் பாதிக்கப்பட்ட எந்த வயதுப் பெண்ணும் தரலாம். கல்வியும் தொழிற்பயிற்சியும் தரும் தனியார் நிறுவனங்களும் பணியிடம் என்ற வரையறைக்குள் வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாத இடங்களுக்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. புகார் தர மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆக, "நீ எங்க ஸ்டாஃப் இல்லையே" என்ற பதில் செல்லாது.

சட்டத்தால் ஜோக்கை நிறுத்த முடியுமா? முடியாது. ஜோக்கை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பெண்களுக்கு நகைச்சுவை தெரியாது என்ற பழியைச் சுமந்தே நமக்கு முதுகு வளைந்துவிட்டது. நான் கேட்பது இருக்கை மாற்றம். சின்ன விமானத்துக் காதலைப் பற்றி நாம் சொல்வதற்கும் நிறைய இருக்கிறது. வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழி சொல்லிக்கொண்டே வரும் கணவனைப் பற்றி. தன் மனைவி தரையிறக்கும்போது கண்ணை மூடிக் கந்த சஷ்டி சொல்லும் மாவீரனைப் பற்றி. "நீ ஓட்டுறியா? அப்போ நான் பஸ்ஸிலேயே வந்துடறேன்" என்னும் காதலனைப் பற்றி. இந்த ஜோக்குகளைப் பறப்புக் கழகத்தில் ஒரு பெண் எழுந்து சொல்லட்டும். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம். சிரிக்கிறவர்களோடு நமக்குச் சண்டை இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள்தான் திருக்கல்யாணம். முதலில் ஆட்சி, பிறகு எட்டுத் திசையிலும் வெற்றி, அப்புறம்தான் மாலை. ஆனால் ஊர் திரளுவது கல்யாணத்துக்கு. தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது கல்யாணத்தன்று. எட்டுத் திசைக்கும் படை நடத்தியவள் சிவனைக் கண்டதும் நாணிப் போனாள் என்ற இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி நம்மை வளர்க்கிறார்கள். டாரதியின் உரிமம் மறைந்ததும் மீனாட்சியின் திக்விஜயம் மங்கியதும் ஒரே வழியில்தான்.

கடைசியாக, விமானிகளிடமே அவர்கள் மொழியில் ஒன்று சொல்ல வேண்டும். இரட்டைக் கண்ட்ரோல் உள்ள விமானத்தில், இரண்டு பேரில் யார் ஓட்டுகிறார்கள் என்பதில் ஒரு கணம்கூடச் சந்தேகம் இருக்கக் கூடாது. அதனால் முதல் பாடத்திலேயே ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். கைமாற்றும்போது ஒருவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பிடிக்க வேண்டும். பதில் வராமல் விடக் கூடாது. தலையாட்டல் போதாது. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் விமானம் விழும்.

ஆக, சம்மதம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் சொல்ல முடியாது. உலகத்திலேயே அதை இவ்வளவு துல்லியமாகப் பழகியவர்கள் நீங்கள். கேட்பீர்கள், பதிலுக்குக் காத்திருப்பீர்கள், வாய்விட்டு வந்த பதிலைத்தான் பதில் என்று கொள்வீர்கள். ஓர் இயந்திரத்தின் கைப்பிடிக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் கொடுங்கள். பெரிய கோரிக்கை இல்லை.

பறக்கப் போகும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிப் போவார். வலப்பக்க இருக்கை காலியாக இருக்கும். ஓர் ஆள் குறைந்த விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழும். கீழே உங்களுக்குத் தெரிந்த கண்மாய்களைப் போலவே ஏதோ ஓர் ஊரின் நீர்நிலைகள் மின்னும். சின்ன விமானத்தில் காதல் என்று ஒன்று உண்டென்றால் அதில் முதலாவது இதுதான்: பறத்தலோடு உங்களுக்கு இருக்கும் காதல். அதற்கு வலப்பக்கத்தில் ஆள் தேவையில்லை. பிறகு அங்கே யாரை உட்கார வைப்பது, வைப்பதா வேண்டாமா என்பதை இடப்பக்கத்தில் இருக்கும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.